ஒட்டு இருக்கிறது, பிடிப்பு இல்லை: எதிரொலியை எப்படிப் படிப்பது?

1.5 மி.மீ. அலுமினியத் தகடுகளை எபாக்சிப் பசையால் ஒட்டி, 5 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் புரோபால் (காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் முனை) பார்த்தபோது குறையே தெரியவில்லை, உரித்தால் பசை ஒரு தகட்டை விட்டு வழவழவென்று கழன்று வருகிறது என்கிறீர்கள். உங்கள் கருவி பொய் சொல்லவில்லை. பசை உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலே ஒலி கடந்து போய்விடும். அது எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்பதை அல்ட்ராசோனிக் அளக்காது. இதை முதலில் ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று, முதல் எதிரொலியை நம்பாதீர்கள். நல்ல ஒட்டிலும் அலுமினியம்-எபாக்சி எல்லையில் அலைவீச்சில் (ஒலி அலையின் உயரம்) ஏறத்தாழ 70 சதவீதம் திரும்பிவிடுகிறது. காற்று இடைவெளி இருந்தால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பும். ஒரே எதிரொலியில் இந்த வித்தியாசம் எளிதில் நழுவிவிடும். ஒலி தகட்டுக்குள் திரும்பத் திரும்ப மோதி வருவதால் ஒவ்வொரு முறையும் வித்தியாசம் கூடும், எனவே ஐந்தாவது எதிரொலியைப் பாருங்கள்: நல்ல ஒட்டில் அது, ஒட்டாத இடத்தில் வருவதில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும், விட்டுப்போன இடத்தில் நீண்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆனால் 1.5 மி.மீ. தகட்டில் எதிரொலிகள் சுமார் அரை மைக்ரோவினாடிக்கு ஒன்றாக வருவதால் 5 மெகாஹெர்ட்ஸில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். தாமதக் கட்டை (புரோபுக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்து எதிரொலியைச் சற்றுத் தள்ளி வரவைக்கும் துண்டு) பொருத்திய 15 மெகாஹெர்ட்ஸ் புரோப் வேண்டும். வேண்டுமென்றே ஒரு பகுதியை ஒட்டாமல் விட்ட மாதிரித் துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இத்தனை செய்தாலும் உங்கள் உண்மையான குறை பிடிபடாது. பசை ஒரு பக்கம் மட்டும் சுத்தமாகக் கழன்றிருப்பது மேற்பரப்புத் தயாரிப்பைத்தான் காட்டுகிறது. ஒட்டும் முன் தகட்டில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். படலமாகப் பரவாமல் துளித்துளியாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை, அந்தத் தகட்டை ஒட்டாதீர்கள். ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு துண்டை ஒட்டி உரித்துப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டாம்.