குதிகாலில் பார்த்த எண்ணை நம்பி எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, டி ஸ்கோர் மைனஸ் 2.6, எலும்புத் தேய்மானம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே மூன்று மாதத்துக்கு மாத்திரையும் பவுடரும் வாங்கிவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியும் போடவேண்டும் என்கிறார்கள். முழங்கால் வலியும் இருக்கிறது. ஊசியை ஆரம்பிக்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: இப்போது வேண்டாம். அந்தச் சீட்டை ஃபைலில் வையுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து ஊசிக்குப் போகாதீர்கள்.

முகாமில் பார்த்தது அல்ட்ராசவுண்ட். ஒலி அலை குதிகால் எலும்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து அது ஒரு கணக்குப் போடும். எலும்பிலுள்ள தாதுவின் அளவை நேராக அளக்காது. கால் வீங்கியிருந்தாலோ, பாதம் கொஞ்சம் திரும்பியிருந்தாலோ எண் மாறிவிடும். ஒரு கம்பெனிக் கருவியின் எண் இன்னொன்றோடு ஒத்துவராது. டி ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தி, ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் எண். மைனஸ் 2.5, அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்பு மெலிவு நோய் என்ற கோட்டை உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்தபோது, எக்ஸ்ரே கதிரால் அளந்த அடர்த்தியை வைத்துத்தான் வகுத்தது. அதே கோட்டைக் குதிகால் எண்ணுக்குப் போட்டு நோய்ப் பெயர் எழுதுவது, நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு 102 டிகிரி காய்ச்சல் என்று எழுதுவது மாதிரி. கருவியைத் தூக்கிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் மருந்துக் கம்பெனி ஆள். பரிசோதனை இலவசம்தான், பவுடர் இலவசமில்லையே.

நீங்கள் எடுக்கவேண்டியது டெக்ஸா ஸ்கேன், அதாவது எக்ஸ்ரே கதிரால் எலும்பு அடர்த்தியை அளக்கும் பரிசோதனை. இடுப்பு, முதுகெலும்பு இரண்டையும் கேட்டு எடுங்கள். அன்று காலை கால்சியம் மாத்திரை போடாதீர்கள். வயிற்றில் கரையாமல் கிடக்கும் அந்த மாத்திரை படத்தில் விழுந்து முதுகெலும்பின் எண்ணை ஏற்றிக் காட்டும். பேரியம் குடித்தோ, சாயம் ஏற்றியோ வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் இரண்டு வாரம் கழித்துப் போங்கள். அடுத்த முறையும் அதே இயந்திரத்தில் எடுக்கவேண்டும். 3 சதவீத வித்தியாசத்தைக் காட்டி "இறங்கிவிட்டது" என்று பயமுறுத்தினால் நம்பவேண்டாம், அளவீட்டிலேயே அவ்வளவு ஆட்டம் உண்டு. இன்னொன்று: டெக்ஸா எலும்பின் பரப்பைத்தான் பார்க்கிறது, தடிமனை அல்ல. குள்ளமான, மெலிந்த உடம்புக்காரர்களுக்கு எண் உள்ளதைவிடக் குறைவாக வரும்.

மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவே வந்தால் அது லேசான அடர்த்திக் குறைவு, எலும்பு மெலிவு நோய் அல்ல. உங்கள் வயதில் பலருக்கு உணவும் நடையும் போதும்.

முழங்கால் வலி தனிக் கதை. நம்மூரில் மூட்டு ஜவ்வு தேய்வதையும் எலும்புத் தேய்மானம் என்கிறார்கள், எலும்பு மெலிவதையும் அதே பெயரால் சொல்கிறார்கள். மெலிந்த எலும்பு உடையும்வரை வலிக்காது. அதற்கான ஊசி முழங்காலைக் குணப்படுத்தாது.

அடர்த்தி உண்மையிலேயே குறைவு என்றால், மருந்துக்கு முன் ஏன் குறைந்தது என்று பார்க்கவேண்டும். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர். பாருங்கள். கால்சியம் ஏறியிருந்தால் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கவேண்டும். வைட்டமின் டி ரொம்பக் குறைந்து எலும்பு மென்மையானாலும் டெக்ஸா எண் இறங்கும். அதற்கு வைத்தியம் வேறு. தைராய்டு மாத்திரை அளவு கூடிப்போனாலும் எலும்பு கரையும். 45 வயதுக்குள் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஸ்டீராய்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பிரெட்னிசோலோன் தினம் 5 மில்லிகிராம், மூன்று மாதம் தொடர்ந்தாலே எலும்பு பாதிக்கும். சீட்டில் எழுதாத ஸ்டீராய்டும் இருக்கிறது. மூட்டுவலிக்கு லேபிள் இல்லாத பொடியோ உருண்டையோ தின்று, இரண்டே நாளில் வலி பறந்து, பசி கூடி, முகம் உப்பினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் தின்றிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள், ஆபத்து. பொட்டலத்தையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வாங்கிவிட்ட மாத்திரையின் அட்டையைப் படியுங்கள். 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் உள்ளே இருக்கும் கால்சியம் 500தான். மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,200, உணவையும் சேர்த்து. 200 மில்லி பாலில் 240 வரை கிடைக்கும், 100 கிராம் கேழ்வரகில் 350 போல. குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்புங்கள், சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

60,000 யூனிட் வைட்டமின் டி வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக எட்டு வாரம். அதைத் தினம் ஒன்று போட்டுக்கொண்டு தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு என்று வருகிறவர்கள் உண்டு. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கேட்டாலும் கொடுக்கிறார்கள், யார் கேட்பது? குறைபாடு இருந்தால்தான் அதற்குப் பலன். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துச் சேர்க்காத அந்தக் கூட்டத்தில், தினம் 2,000 யூனிட் கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை.

ஆறு மாத ஊசி என்பது டெனோசுமாப். நல்ல மருந்துதான். ஆனால் அதை ஆரம்பிப்பது சுலபம், விடுவது கஷ்டம். தவணை தவறினால் சேர்ந்த அடர்த்தி வேகமாகக் கரையும். சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கும். நிறுத்துவதென்றால் வேறு மருந்தைக் கொடுத்துத்தான் நிறுத்தவேண்டும். ஊசி போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் முகாம் இதற்குப் பொறுப்பேற்குமா? மருந்து தேவைப்பட்டாலும் பெரும்பாலோருக்கு முதலில் எலும்பு கரைவதைத் தடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம் போதும். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும். காப்பியோடு போட்டால் வீண்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கு. நின்ற உயரத்திலிருந்து சாதாரணமாக விழுந்து உங்களுக்கு ஏற்கெனவே எலும்பு முறிந்திருந்தால், முகாம் எண்ணை மட்டுமல்ல, டெக்ஸா எண்ணையும் அளவுக்கு மீறிப் பொருட்படுத்தவேண்டாம். பைக்கில் மோதி முறிந்தது இதில் சேராது. குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு முறிந்தது, வாசற்படியில் தடுக்கி இடுப்பு முறிந்தது, குடம் தூக்கியபோது முதுகில் "சுருக்" என்று பிடித்து வாரக்கணக்கில் விடாதது, இவைதான் கணக்கு. இடுப்போ முதுகெலும்போ இப்படி முறிந்திருந்தால், ஸ்கோர் மைனஸ் 1.8 என்றாலும் அவருக்கு மருந்து தேவை. மணிக்கட்டு என்றால் ஸ்கோரையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். ஆனால் நடப்பது என்ன? மாவுக்கட்டோ பிளேட்டோ போட்டு, தையல் பிரித்து, கால்சியம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஏன் முறிந்தது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி இருக்காது. அடுத்த முறிவுக்கு வாய்ப்பு அதிகமாக இருப்பதோ அதைத் தொடர்ந்து வரும் ஓரிரு வருடங்களில்தான்.

முதுகெலும்பு நசுங்கினால் பாதிப் பேருக்கும் மேல் தெரிவதே இல்லை. அதனால் உங்கள் உயரத்தைச் சுவரோடு நின்று அளந்து, பழைய பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ மருத்துவச் சான்றிதழிலோ எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், டெக்ஸாவோடு முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்றும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.