அப்பத்தா பேச்சும் பேத்தி படிப்பும்

கேள்வி: என் பொண்ணு பி.ஏ. ஹிஸ்டரி முடிச்சிருக்கா. பி.எட். படிம்மான்னா, தென்கிழக்கு ஆசியா பத்தி எம்.ஏ. படிக்கணும்னு அடம்பிடிக்கிறா. பர்மா, தாய்லாந்து கதையெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது? என் அம்மா பர்மாவுல பொறந்து 1964ல கப்பல்ல வந்தவங்க, எப்பவும் அந்தப் பழசையே பேசிட்டு இருப்பாங்க, நாங்க யாரும் காதுல வாங்குறதில்ல. இவ மட்டும் கூடவே உக்காந்து கேட்டு இப்படி ஆயிட்டா. எப்படி புரியவைக்கிறது?
- ஒரு அப்பா, திருச்சி

பதில்: பொண்ணுக்குப் புரியவைக்கிறது இருக்கட்டும் தம்பி. "நாங்க யாரும் காதுல வாங்குறதில்ல"ன்னு போறபோக்குல எழுதியிருக்கீங்களே, எழுதும்போது கை கூசலையா? பெத்த தாய் பேசுறத வீட்ல கேக்குற ஒரே ஆளு அந்தப் பொண்ணுதான், அவளையும் என்னமோ கெட்டுப்போனவ மாதிரி சொல்றீங்க.

அம்மா ஏன் கப்பல் ஏறினாங்கன்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா? 1962ல பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியப் புடிச்சாரு, அடுத்த ரெண்டு வருஷத்துல கடைகண்ணியெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, 1964 மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, லட்சக்கணக்கான ஜனங்க இருந்ததையெல்லாம் விட்டுட்டு வந்து இறங்கினாங்க. சென்னையில பர்மா பஜார், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோங்கிற பர்மா நூடுல்ஸ் விக்கிற கடைங்க, எல்லாம் அப்படி வந்ததுதான். சிலபேர் திரும்ப பர்மாவுக்கே போயிடலாம்னு கெளம்பி, எல்லையில விடாம, மணிப்பூர் மோரேலயே தங்கிட்டாங்க, இன்னிக்கும் அங்க தமிழ்க் குடும்பங்க இருக்கு.

இது நம்ம பக்கத்துக் கதை. இன்னொரு பக்கம் அம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது. 1930கள்ல நெல் விலை விழுந்து கடன் கட்ட முடியாம பர்மிய விவசாயிங்க நிலமெல்லாம் நகரத்தார் வட்டிக்கடைங்க கைக்குப் போச்சு, 1938 வாக்குல கீழ் பர்மாவோட முக்கியமான நெல் மாவட்டங்கள்ல கால்வாசி நிலம் அவங்ககிட்ட. நிலத்த விட்டவன் வீட்ல நம்ம ஆளுங்களப் பத்தி என்ன பேசியிருப்பாங்க, யோசிங்க. மூட்டை தூக்கப்போன ஏழை ஜனங்களுக்கு அந்த வட்டியில பைசா கிடைக்கல, ஆனா கோபம் அவங்க மேலயும் சேர்ந்துதான் விழுந்துச்சு. இதையெல்லாம் புரிஞ்சுக்கணும்னா அந்த ஊர் பாஷை, அவங்க எழுதிவச்ச சரித்திரம், அவங்க பக்கத்து நியாயம்னு முறையா படிக்கணும். உங்க பொண்ணு கேக்குறது அதைத்தான், நீங்க அதைக் கதைங்கிறீங்க.

வேலைக்கு கேரண்டி கிடையாது. பி.எட்.டும் முடிச்சு, டெட்டும் எழுதி காத்திருக்கிறவங்களுக்கும்தான் யாரும் தரல. வெளி மாநிலம் அனுப்ப பயம்னா மெட்ராஸ் யுனிவர்சிட்டியிலயே தெற்கு, தென்கிழக்கு ஆசியப் படிப்புக்குன்னு ஒரு மையம் இருக்கு, போய் விசாரிங்க.

பொண்ணுக்கும் ஒண்ணு சொல்லணும். கண்ணு, காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி அப்பத்தா பேசுறத போன்ல ரெக்கார்ட் பண்ணு, எந்த ஊரு, எந்தத் தெரு, என்ன கடை, கப்பல்ல யார் யாரு கூட வந்தாங்க, எல்லாம். படிக்கப் போயிட்டேன்னு அவங்கள மறந்துட்டு உக்காந்தா உன்னையும் இதே மாதிரி திட்டுவேன்.

அந்த ரெக்கார்டிங் நடக்கும்போது டிவிய ஆஃப் பண்ணிட்டு நீங்களும் கூட உக்காருங்க தம்பி. அட்மிஷனுக்கு கடைசி தேதி என்னன்னு பாத்து அதுக்குள்ள ஃபீஸ கட்டிடுங்க.