அரிய பறவை என்று இ-பேர்ட் விவரம் கேட்டால் என்ன எழுதுவது?

நவம்பரில் ஊர் ஏரிக்கரையில் அமூர் வல்லூறு பார்த்ததாகவும், பட்டியலில் சேர்த்ததும், பார்த்த பறவைகளைப் பதியும் இணையத்தளமான இ-பேர்ட் அதை 'அரிது' என்று காட்டுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அது உங்களைச் சந்தேகிப்பதல்ல. அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் வழக்கமில்லாத பதிவு எதுவும் தன்னார்வ மதிப்பாய்வாளர் ஒருவரிடம் போகும். அவர் ஏற்கும்வரை பொது வரைபடத்தில் வராது.

'நிச்சயம் அதுதான்', 'நன்றாகப் பார்த்தேன்' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. குளிர்காலத்தில் வழக்கமாக வரும் கெஸ்ட்ரல் வல்லூறு இல்லை என்று எப்படித் தெரிந்தது? அதை எழுதுங்கள். ஆண் அமூர் கரும்சாம்பல் நிறம். தொடையும் வாலடியும் செம்பழுப்பு. பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்க முன்பகுதி பளிச்சென்ற வெள்ளை. பெண்ணிலும் இளம்பறவையிலும்தான் குழப்பம் அதிகம். கால் நிறத்தைப் பாருங்கள்: கெஸ்ட்ரலுக்கு மஞ்சள், அமூருக்குச் சிவப்பு அல்லது ஆரஞ்சு. அந்தரத்தில் நின்று சிறகடித்தது என்பதை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள், இரண்டும் அப்படிச் செய்யும்.

தூரம், வெளிச்சம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பதையும் சேருங்கள். எண்ணிக்கையில் 'எக்ஸ்' (எண்ணவில்லை, இருந்தது என்று மட்டும் காட்டும் குறி) போடாமல் எண்ணையே போடுங்கள். மங்கலான படமும் உதவும். கேமரா கடிகாரம் சரியா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கூட வந்தவர்கள் தனித்தனியாகப் பதியாமல் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளட்டும், இல்லாவிட்டால் ஒரு பறவை நான்காகத் தெரியும்.

வாட்ஸ்அப் குழுவில் இடத்தைச் சொல்வது வலசைப் பறவைக்குப் பரவாயில்லை. கூடு என்றால் சொல்லவே வேண்டாம்.