சிஸ்டர் பதில்கள்

கேள்வி: சிஸ்டர், நர்சிங் முடித்த என் மகளுக்கு மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. "ஆப்பிரிக்காவில் நோயைத் தவிர என்ன இருக்கிறது?" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் அங்கே வேலை பார்த்தவர். அனுப்பலாமா?
– ஒரு தாய், திங்கள்சந்தை

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. மலாவி ஏரிக்கரை ஊர்கள் பலவற்றில் மரச்சீனிக்கிழங்குதான் அன்றாடச் சாப்பாடு. உங்கள் மகள் பட்டினி கிடக்க மாட்டாள்.

நோய் இருக்கிறது, மறைக்கவில்லை. 2022-ல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். இத்தனைக்கும் விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்தால் கால் மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். மூன்று நாளில் ஆறு வேளை மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். பிறகு ஏன் சாகிறார்கள்?

மழைக்காலத்தில் எங்கள் வார்டுக்கு வரும் அம்மா, பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு சைக்கிள் கேரியரில் வந்து இறங்குவாள். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளாகியிருக்கும். முதல் நாள் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போனாள், மாத்திரை தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் முழுவதும் சைக்கிள்காரருக்குக் கொடுக்கக் காசு புரட்டினாள். நான் முதலில் விரித்துப் பார்ப்பது பிள்ளையின் உள்ளங்கையைத்தான். காகிதம்போல் வெளுத்திருந்தால் தெர்மாமீட்டரை மேஜையில் போட்டுவிட்டு ரத்தத்துக்கு ஓட வேண்டும், மலேரியாக் கிருமி சிவப்பணுக்களை அந்த அளவுக்கு உடைத்திருக்கும். ரத்த வங்கியில் இல்லையென்றால், கூட வந்த மாமாவின் கைதான் வங்கி.

அங்கே அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வழிச்செலவை யார் கொடுப்பது? திங்கள்சந்தையில் நின்று கை காட்டினால் நாகர்கோவில் பஸ் நிற்கிறது. 108-க்குப் போன் செய்தால் வண்டி வருகிறது. இதையெல்லாம் வைத்தியம் என்று நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மகளிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கொசுவலை இல்லாமல் ஒரு இரவும் தூங்கக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நாள் கடத்தினால் ஆபத்து.

கேள்வி: அந்த நாட்டு அரசுகள் என்ன செய்கின்றன? எதற்கெடுத்தாலும் வெளிநாட்டாரிடம் கையேந்துவது ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, சார். 2001-ல் நைஜீரியாவின் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள் பட்ஜெட்டில் நூற்றுக்கு 15 பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக வாக்குக் கொடுத்தன. காப்பாற்றிய நாடுகள் மிகச் சில. அதன் பலனை 2025-ல் பார்த்தோம்: அமெரிக்கா உதவியை நிறுத்தியதும் பல நாடுகளில் எச்.ஐ.வி. சிகிச்சைப் பணிகள் தடுமாறின. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பாடுபட்டுப் பயிற்சி கொடுத்த நர்ஸுகளைப் பணக்கார நாடுகள் அழைத்துக்கொள்கின்றன. ஊருக்கு ஊர் நர்ஸுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நம் மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. முதல் மலேரியாத் தடுப்பூசித் திட்டம் 2019 ஏப்ரலில் மலாவியில்தான் தொடங்கியது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரண்டாவது ஊசி நம் புனேயில் தயாராகிறது.

கேள்வி: யானைக்கால் அங்கேயும் உண்டா?
– வாசகர், குளச்சல்

பதில்: உண்டு. ஆனால் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை ஒழித்துவிட்டதாக டோகோ 2017-லும் மலாவி 2020-லும் அங்கீகாரம் பெற்றன. ஒழித்தது இப்படித்தான்: கிராமத்து ஆளே கோடு போட்ட ஒரு கம்போடு வீடு வீடாக வருவார். தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதற்கேற்ற எண்ணிக்கையில் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மாத்திரை. எடை பார்க்கும் மெஷின் தேவையில்லை. அவர் கண்ணெதிரே விழுங்கியாக வேண்டும். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்த மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் பலரை நான் அறிவேன். நீங்கள் விழுங்கினீர்களா?