ஓட்டுப் போட்டவர் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: ஈரானின் அணுசக்தி நிலையங்கள் மீது 2025 ஜூனில் அமெரிக்கா குண்டு வீசியபோது, டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். நாமே தேர்ந்தெடுத்த தலைவரை நாமே நம்பாவிட்டால் எப்படி? உளவுத் தகவல் எல்லாம் அவர் மேஜையில் இருக்கிறது; வாக்காளருக்கு என்ன தெரியும்? போர் நேரத்தில் இப்படி வாதிடுவது அசிங்கம் இல்லையா? நீங்கள் அங்கே வாக்காளராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பதில்: அசிங்கம் என்று நானும் சொல்வேன். அந்தச் சண்டை அவ்வளவு சீக்கிரம் ஓய்ந்துபோனதைச் சொல்கிறேன்.

உளவுத் தகவலிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கேள்வி முழுவதும் அந்த ஒற்றைத் தூணின் மேல்தான் நிற்கிறது. அப்போது அமெரிக்காவின் தேசிய உளவுத்துறை இயக்குநராக இருந்த துளசி கபார்ட், டிரம்பே தேடிப்பிடித்து நியமித்தவர். ஈரான் அணு ஆயுதம் தயாரிக்கவில்லை என்பதே உளவு அமைப்புகளின் கணிப்பு என்று 2025 மார்ச்சில் அவர் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். ஈரானிடம் செறிவூட்டிய யுரேனியம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சேர்ந்திருக்கிறது என்பதும் அதே சாட்சியத்தில் உண்டு. அதை நான் மறைக்கப்போவதில்லை. ஜூனில் நிருபர்கள் இந்தச் சாட்சியத்தை நினைவூட்டியபோது, அந்த அம்மையார் என்ன சொன்னார் என்பது பற்றித் தமக்குக் கவலையில்லை என்று டிரம்ப் சொல்லிவிட்டார். கபார்டும் சில நாட்களில், பத்திரிகைகள் தம் பேச்சைத் திரித்துவிட்டன என்று கூறிக்கொண்டு தலைவர் பக்கம் வந்து சேர்ந்தார். ஆக, மேஜையில் காகிதம் இருந்தது. படிக்க வேண்டியவரே அதை ஓரமாகத் தள்ளிவைத்தார். வாக்காளர் மட்டும் அந்தக் காகிதத்தின் மேல் பக்தி வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

1964 ஆகஸ்டில் அதிபர் லிண்டன் ஜான்சனின் மேஜையிலும் காகிதம் இருந்தது. டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்களை வட வியட்நாம் இரண்டாவது முறையாகத் தாக்கிவிட்டது என்றது அது. படையைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஜான்சனுக்கு ஆதரவாக 416 பேர். எதிர்த்தவர் ஒருவர்கூட இல்லை. செனட்டில் இரண்டே பேர் எதிர்த்தார்கள். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஆசிய இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலைக்கு அமெரிக்க இளைஞர்களை அனுப்பமாட்டேன் என்று மேடையில் பேசினார் ஜான்சன். நவம்பரில் பெருவெற்றி பெற்றார். 1965 மார்ச்சில் டா நாங் கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியது. போர் முடிந்தபோது மாண்ட அமெரிக்கர்கள் 58,000க்கும் மேல். வியட்நாமியர்களின் கணக்கு பல லட்சம். தலைவருக்கு எல்லாம் தெரியும் என்று அன்றும் சொன்னார்கள்.

வாக்காளருக்கு என்ன தெரியும் என்று கேட்கிறீர்கள். வாக்காளரை விடுங்கள். ஈரானில் ஆட்சி மாறவேண்டும் என்று முழங்கிக்கொண்டிருந்த, டிரம்பின் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் க்ரூஸை, அதே வலதுசாரி முகாமைச் சேர்ந்த ஊடகக்காரர் டக்கர் கார்ல்சன் பேட்டி கண்டார். ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். தெரியாது என்றார் செனட்டர். ஒன்பது கோடிக்கும் மேல். குண்டு போட வேண்டிய இடம் தெரிந்தால் போதாதா, அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கை எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ.

இப்போது அந்தச் சண்டைக்கு வருவோம். 'அமெரிக்காவுக்கே முதலிடம்' என்பது டிரம்பின் முழக்கம். வென்ற போர்களை மட்டுமல்ல, முடித்துவைத்த போர்களையும் இறங்காமல் தவிர்த்த போர்களையும் வைத்து எங்கள் வெற்றியை அளப்போம் என்று 2025 ஜனவரியில் பதவியேற்பு உரையிலேயே சொன்னவர் அவர். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர்களில் அந்தப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈரானிடம் அணுகுண்டு போகவிடமாட்டேன் என்பதும் அவர் சொன்னதுதானே என்றார்கள் மறுதரப்பினர். அதுவும் பொய்யில்லை. இரண்டு வாக்குறுதிகளையும் ஒரே பையில் போட்டுத்தான் விற்றார். ஒன்றோடொன்று மோதினால் எது நிற்கும் என்று வாங்கும்போது கேட்டவர்கள் குறைவு.

பையைத் திறந்து பார்த்துச் சண்டை தொடங்கியதும், டிரம்ப் ஒரு பத்திரிகைக்குச் சொன்ன பதில்தான் இந்த விவகாரத்தின் முடிச்சு. அந்த முழக்கத்தை உருவாக்கியது நான், அதன் பொருள் என்ன என்பதையும் நானே முடிவு செய்வேன் என்றார். வாக்குறுதி கொடுத்தவரே அகராதியையும் கையில் வைத்துக்கொண்டால், அவர் எதைச் செய்தாலும் வாக்குறுதி மீறப்படாது! நீங்கள் கேட்கும் 'நம்பிக்கை' கடைசியில் இதில்தான் கொண்டுபோய் விடும்.

பலர் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகவே இருந்தார்கள். போரை எதிர்த்துக் குரல் கொடுத்த, டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன், கடைசிவரை எதிர்ப்போம், அவர் முடிவெடுத்துவிட்டால் பிடிக்காவிட்டாலும் பின்னால் போவோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கடைசிவரை பின்னால் போகாத குடியரசுக் கட்சி உறுப்பினர் தாமஸ் மாசியை, உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடிப்பேன் என்று கிளம்பினார் டிரம்ப்.

பழைய கணக்கு ஒன்று சொல்கிறேன். 2013இல் சிரியா மீது ஏவுகணை வீச ஒபாமா யோசித்தபோது, அதை ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 22 சதவீதம். 2017 ஏப்ரலில் அதே சிரியாவின் விமானதளம் ஒன்றின் மீது டிரம்ப் 59 ஏவுகணைகளை வீசியபோது ஆதரித்தவர்கள் 86 சதவீதம். அதே நாடு, அதே ஆட்சியாளர், அதே ரசாயன ஆயுதக் குற்றச்சாட்டு. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. ஜனநாயகக் கட்சியினரின் ஆதரவு 38லிருந்து 37 ஆனது. அவர்களை உத்தமர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நாட்டுக்கு உடனடி அச்சுறுத்தல் இல்லாதபோது நாடாளுமன்றத்தைக் கேட்காமல் தாக்குதலுக்கு உத்தரவிட அதிபருக்கு அதிகாரமில்லை என்று 2007இல் சொன்ன ஒபாமா, 2011இல் லிபியா மீது நாடாளுமன்ற அனுமதி இல்லாமலே குண்டு வீசினார். நாடாளுமன்ற அனுமதியில்லாத மோதலுக்கு 1973ஆம் ஆண்டின் போர் அதிகாரச் சட்டம் தந்த 60 நாள் கெடு முடிந்ததும், அங்கே நடப்பது அந்தச் சட்டம் சொல்லும் 'மோதல்' அல்ல என்று அவருடைய சட்ட வல்லுநர்கள் விளக்கம் சொன்னார்கள். 2025இல் துணை அதிபர் வான்ஸ், நாங்கள் ஈரானோடு போரில் இல்லை, ஈரானின் அணுத் திட்டத்தோடுதான் போரில் இருக்கிறோம் என்றார். கட்சி மாறுகிறது, சொற்சிலம்பம் மாறவில்லை.

அமெரிக்க அரசியல் சட்டப்படி போர் அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. அது கடைசியாகப் போர் அறிவித்தது 1942 ஜூனில். அதன்பின் கொரியா, வியட்நாம், இராக் என்று எத்தனை போர்கள்! ஒன்றுக்குக்கூட அறிவிப்பு இல்லை. 2025 ஜூன் 19 வியாழக்கிழமை, இரண்டு வாரத்துக்குள் முடிவெடுப்பேன் என்றார் டிரம்ப். சனிக்கிழமை இரவே குண்டு விழுந்தாயிற்று. மிசௌரியிலிருந்து புறப்பட்ட ஏழு பி-2 விமானங்கள் தலா 30,000 பவுண்டு எடையுள்ள 14 குண்டுகளைப் போட்டுவிட்டு, ஈரானின் வான் எல்லையைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் வாக்காளருக்குச் சமூக ஊடகத்தில் செய்தி வந்தது. கட்டாய ராணுவச் சேவை 1973லேயே போய்விட்டது. தன் வீட்டுக்கு ஆணை வரும் என்ற பயம் வாக்காளருக்கு இல்லை. செனட் தடுக்காது, நீதிமன்றம் தலையிடத் தயங்கும், பயமும் இல்லை. அந்த நாட்டில் தலைவரின் கையைக் கொஞ்சமாவது பிடித்து இழுக்கக்கூடியது அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் முணுமுணுப்பு ஒன்றுதான். எதிர்க்கட்சிக்காரர் திட்டுவது அவர் காதில் விழாது. அதையும் அசிங்கம் என்று அடக்கச் சொல்கிறீர்கள்.

நான் அங்கே வாக்காளராக இருந்தால் என்ன செய்திருப்பேன்? இனி ஈரான் மீது தாக்குதல் நடத்த நாடாளுமன்ற அனுமதி வேண்டும் என்று செனட்டர் டிம் கெய்ன் கொண்டுவந்த தீர்மானம், குண்டு விழுந்த ஆறாவது நாள் 47க்கு 53 என்று தோற்றது. ஆதரித்த குடியரசுக் கட்சிக்காரர் ரேண்ட் பால் ஒருவர்தான். என் செனட்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, நீங்கள் 47இலா, 53இலா என்று கேட்டிருப்பேன். 53 என்றால், ஈரானில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி.