பழுதுபார்க்கும் மேசை: அப்பாவுக்கு எந்த பேட்டரி?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 61 வயது. நாற்பது வருடமாகப் புகைக்கிறார். தினம் ஒரு பாக்கெட். இருமல் தாங்காமல் இப்போதுதான் வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாற ஒப்புக்கொண்டார். கடையில் பேனா மாதிரி இரண்டு பேட்டரி காட்டினார்கள். ஒன்று 3.7 வோல்ட், மாற்ற முடியாது. இன்னொன்றின் அடியில் திருகு வளையம் இருக்கிறது; 3.3 முதல் 4.8 வோல்ட் வரை வைக்கலாம். "வோல்ட்டைக் கூட்டினால் அசல் சிகரெட் மாதிரியே இருக்கும்" என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?
- வாசகி, வெம்ப்ளி, லண்டன்

பதில்: அப்பா ஒப்புக்கொண்டாரே, அதற்கே சந்தோஷம்மா. என் அண்ணனைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஐந்து வருடம் ஆனது. அவர் கையில் இந்த இரண்டு வகையும் இருந்தன, இரண்டையும் நான்தான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். அதை வைத்தே சொல்கிறேன்.

வோல்ட்டை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. சூடாவது லிக்விட் ஊற்றும் டேங்குக்குள் இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள். அதன் மின்தடை எத்தனை ஓம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட் வரும்; சூட்டின் அளவு அதுதான். 1.8 ஓம் காயிலில் 3.7 வோல்ட் கொடுத்தால் 7.6 வாட். அதே காயிலில் 4.8 கொடுத்தால் 12.8 வாட். வோல்ட் கூடியது 30 சதவீதம்தான், சூடோ கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடிவிடுகிறது. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

காயிலைச் சுற்றியுள்ள திரி நனைந்திருக்கும்வரை பயமில்லை. லிக்விட்டில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிக்கும், கிளிசரின் 290 டிகிரியில். கொதித்து ஆவியாகும்போது அதுவே சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். திரி உறிஞ்சித் தருவதைவிட வேகமாகக் காயில் ஆவியாக்கினால் திரி காய்ந்து கருகும். தொண்டையைப் பிடிக்கும் அந்தக் கருகல் வாடை ஒருமுறை வந்தால் மறக்காது. 2015-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே கருவியை இரண்டு அளவில் வைத்துப் பார்த்தார்கள். 3.3 வோல்ட்டில் வந்த ஆவியில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் சார்ந்த சேர்மங்கள் அகப்படவில்லை, 5 வோல்ட்டில் அகப்பட்டன. அப்படிக் காய்ந்த திரியின் ஆவியை மனிதர் யாரும் இழுக்கமாட்டார்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் உயர்ந்த வோல்ட்டில் வைத்துப் பழகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, மாறாத வோல்ட் பேட்டரிக்கு வருவோம். இதில் இரண்டு ரகம் உண்டு; மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் உள்ளே சின்ன சர்க்யூட் இருக்கும், சார்ஜ் தீரும்வரை ஒரே அளவு தரும். மற்றதில் செல்லிலிருந்து நேரே காயிலுக்குப் போகும். அண்ணன் முதலில் வாங்கியது அந்த நேரடி ரகம். "காலையில் இருக்கிற ருசி சாயங்காலம் இல்லைடா" என்று தினமும் குறைப்படுவார். மனசுதான் காரணம் என்று நினைத்தேன். ஒருநாள் மீட்டர் வைத்தால், காலையில் 4.2 வோல்ட், சாயங்காலம் 3.3. அவருடைய காயிலுக்கு 9.8 வாட்டிலிருந்து 6 வாட்டாக இறங்கியிருந்தது. சாயங்காலம்தான் அவர் திரும்பவும் சிகரெட் கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவர் சொன்னதை நான் முதலிலேயே நம்பியிருக்க வேண்டும்.

திருகு வளைய பேட்டரியில் இந்தத் தொல்லை குறைவு. லித்தியம் செல் முழுச் சார்ஜிலும் 4.2-ஐத் தாண்டாது, 4.8 தர வேண்டுமானால் உயர்த்திக் கொடுக்கும் சர்க்யூட் உள்ளே இருந்தே ஆக வேண்டும். அந்தச் சர்க்யூட்தான் அளவையும் இறங்காமல் பிடித்து வைக்கிறது. இன்னொரு வசதி, நாளைக்கு 2.4 ஓம் காயில்தான் கிடைத்தது என்று வையுங்கள். 3.7 வோல்ட்டில் அது 5.7 வாட்தான் தரும், சப்பென்று இருக்கும். 4.3-க்குத் திருகினால் கிட்டத்தட்டப் பழைய 7.6 வாட் வந்துவிடும். வோல்ட்டை மாற்றும் வசதி உண்மையில் இதற்குத்தான். சார்ஜையும் கணக்கில் வையுங்கள்: 900 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 7.6 வாட்டில் ஏறக்குறைய 26 நிமிட இழுப்புக்கு வரும், 12.8 வாட்டில் 16 நிமிடம்தான். சர்க்யூட் தின்பது போக இன்னும் குறையும்.

குறை ஒன்று உண்டு. சட்டைப் பையில் கிடந்து அந்த வளையம் தானாகத் திரும்பிவிடும். அண்ணன் ஒருநாள் காலையில் இழுத்தார், நேரே கருகல். தூக்கி எறிந்துவிட்டு அன்றைக்குப் பாக்கெட் சிகரெட்டையும் ஊதித் தள்ளினார். மறுநாள் 3.5-ல் வைத்து, வளையத்தின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றினேன். அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை.

ஆகவே வளையம் உள்ளதையே வாங்குங்கள். 1.8 ஓம் காயில் போட்டு, 3.3-ல் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அப்பாவுக்குப் பிடித்த இடத்தில் டேப் சுற்றிவிடுங்கள். புதுக் காயில் போட்டால் திரி நனைய பத்து நிமிடம் பொறுங்கள்.

பேட்டரியைவிட முக்கியமான ஒன்று பாக்கி. அசல் சிகரெட் மாதிரி இல்லை என்று வோல்ட்டைக் கூட்டுகிறவர்களில் பலருக்கு உண்மையில் குறைவது நிகோடின். தினம் ஒரு பாக்கெட் பிடித்தவருக்கு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் நிகோடின் உள்ள லிக்விட் கொடுத்தால் எப்படிப் போதும்? பிரிட்டனில் 20 மில்லிகிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது. எந்த அளவில் தொடங்குவது, எப்படிக் குறைப்பது என்பதை உங்கள் பகுதியில் புகையை நிறுத்த உதவும் என்.எச்.எஸ். (அரசு மருத்துவ) சேவையில் கேளுங்கள். அந்த இருமலையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் புகைக்காதவர்கள் யாரும் இதைத் தொட வேண்டாம்.

கேள்வி: என் வேப் பேட்டரியோடு வந்த சார்ஜரை வேறு கம்பெனி பேட்டரிக்கும் போடலாமா? மரை சரியாகப் பொருந்துகிறதே.
- வாசகர், ஈஸ்ட் ஹாம்

பதில்: வேண்டவே வேண்டாம். சில சார்ஜர்கள் 4.2 வோல்ட்டில் தானே நிறுத்தும். சில, பேட்டரிக்குள் கட்டுப்பாடு இருக்கிறது என்று நம்பி 5 வோல்ட்டை அப்படியே அனுப்பும். கட்டுப்பாடு இல்லாத பேட்டரியில் அதை மாட்டினால் செல் வீங்கித் தீப்பிடிக்கலாம். மரை பொருந்துவது வெறும் அளவுப் பொருத்தம்தான். கூட வந்த சார்ஜரிலேயே போடுங்கள், மெத்தைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

கேள்வி: மூன்று வாரம் சென்னை போகிறேன். வேப்பை எடுத்துப் போகலாமா?
- வாசகர், குராய்டன்

பதில்: எடுத்துப் போகாதீர்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் இவற்றை இறக்குமதி செய்வதும் விற்பதும் சேமித்து வைப்பதும் குற்றம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மருந்துக் கடையில் கேட்டு தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வைத்து, பட்டனை ஐந்து முறை அழுத்தி அணைத்துவிட்டு, டேங்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.