லொக்கைப் பிடித்திருப்பவர் யார்?

வாசகர் கேள்வி – பதில்

டேட்டாபேஸ் பார்ப்பவருக்கும் டெவலப்பருக்கும் இடையில் வரும் முறுகல் பற்றிய கடிதங்களில் ஐந்து இந்த இதழில்.

கேள்வி: மைஎஸ்கியூஎல் 8.0 டேட்டாபேஸ் பாவிக்கிறோம். பகலில் ஒரு டேபிளில் ஒரேயொரு கொலம் சேர்த்தேன். நாற்பதாயிரம் வரிசைகூட இல்லாத டேபிள் அது. முழு அப்ளிகேஷனும் பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து எங்கள் டிபிஏ (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்) அண்ணன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இவ்வளவு சின்ன வேலைக்கு இப்படி ஆகுமா?
– டெவலப்பர் ஒருவர், கல்லடி

பதில்: ஆகும். டேபிளின் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வேறு யாரோ அதே டேபிளில் ஒரு டிரான்சக்‌ஷனைத் (ஒன்றாகவே முடியவேண்டிய கட்டளைத் தொகுதியை) திறந்து, தரவை வாசிக்கும் ஒரு செலக்டை ஓட்டிவிட்டு, கொமிட் பண்ணி முடிக்காமல் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். வெறும் செலக்ட்தான், என்றாலும் டிரான்சக்‌ஷன் முடியும்வரை அந்த டேபிளின் மெட்டாடேட்டா லொக் (டேபிளின் அமைப்பை யாரும் மாற்றாமல் காக்கும் பூட்டு) அவர் கையில் இருக்கும். கொலம் சேர்க்கும் உங்கள் ஆல்டர் கட்டளை அவருக்காகக் காத்து நிற்கும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆல்டர் கேட்பது யாரோடும் பங்கு போடாத லொக். அதனால் அதற்குப் பின்னால் வருகிற சாதாரண செலக்ட்கூட முந்திப் போக முடியாது. பழைய கல்லடிப் பாலத்தில் ஒற்றை வழியால் வாகனம் போன காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்ளிகேஷன் ஹிக்காரி பூல் (டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும் கருவி) பாவித்தால், யாரும் மாற்றாதவரை அதில் இருப்பது 10 இணைப்பு. பத்தும் அந்த வரிசையில் மாட்டினால் லொகின் பக்கம்கூடத் திறக்காது.

இந்தக் காத்திருப்புக்கு மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் எல்லை 3,15,36,000 செக்கன், அதாவது ஒரு வருடம். பலர் ‘50 செக்கனில் தானாக விழுந்துவிடும்’ என்று நம்பியிருப்பார்கள். அந்த 50 இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதி) தனித்தனித் தரவு வரிசைக்குப் போடும் லொக்குக்கு உரியது, இது வேறு.

மீண்டும் இப்படி நின்றால் இணைப்புகளின் பட்டியலான புரொசெஸ்லிஸ்டைப் பாருங்கள். ‘வெயிட்டிங் ஃபொர் டேபிள் மெட்டாடேட்டா லொக்’ என்று வரிசையாக நிற்பவர்கள் எல்லாரும் பாதிக்கப்பட்டவர்கள். லொக்கைப் பிடித்திருப்பவர் அனேகமாக ‘ஸ்லீப்’ என்று அப்பாவி போலக் கிடப்பார், அதனால்தான் கண்ணில் படுவதில்லை. முதலில், ஆல்டர் காத்து நிற்கும்போதே, சிஸ் ஸ்கீமாவில் (மைஎஸ்கியூஎல்லின் கண்காணிப்புப் பகுதி) டேபிள் லொக் வெயிட்ஸ் என்ற வியூவைத் திறந்து, யார் மறிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவரை நிறுத்தும் கட்டளையும் அதிலேயே எழுதிக் கிடக்கும். பிறகு உங்கள் ஆல்டரையே கில் பண்ணி நிறுத்துங்கள். பின்னால் நிற்கும் வரிசை உடனே ஓடத் தொடங்கும். காத்திருப்பவர் யாரும் இல்லாவிட்டால் அந்த வியூ வெறுமையாகிவிடும், அதனால்தான் அதை முதலில் பார்க்கவேண்டும். அவரை நிறுத்தும் கட்டளையும் அதிலேயே எழுதிக் கிடக்கும்.

அடுத்த முறை ஆல்டர் ஓட்டும் செஷனில் லொக் வெயிட் டைம்அவுட்டை 5 செக்கனாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஐந்து செக்கனில் லொக் கிடைக்காவிட்டால் உங்கள் கட்டளை விழும், கடை நிற்காது. டேபிளைப் பிரதி எடுக்காமல் மாற்றச் சொல்லும் ‘அல்கோரிதம் இன்ஸ்டன்ட்’ என்பதையும் கட்டளையில் வெளிப்படையாக எழுதுங்கள். இன்ஸ்டன்ட் முடியாத மாற்றமென்றால் அது உடனே பிழை சொல்லும். சத்தமில்லாமல் முழு டேபிளையும் பிரதி எடுக்கத் தொடங்காது. 8.0.12 முதல் கடைசிக் கொலமாகவும் 8.0.29 முதல் எந்த இடத்திலும் இப்படிச் சேர்க்கலாம்.

அண்ணனிடம் ‘ஒரு கொலம் போடணும்’ என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் அவர் ‘இரவுக்குப் பார்ப்போம்’ என்றுதான் சொல்வார். அவருக்கு வேறு ஒன்றும் தெரியாதே. ஓடப்போகும் கட்டளை முழுதாக, டேபிளில் எத்தனை வரிசை, பழைய கோட் புதிய கொலத்தோடு ஓடுமா, பிழைத்தால் திருப்பும் கட்டளை என்ன – இந்த நான்கும் கையில் இருந்தால் பகலிலேயே சம்மதிக்கக் கூடும். அவரும் ‘ஏலாது’ என்று மட்டும் சொல்லாமல் எந்த லொக்குக்குப் பயப்படுகிறார் என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லாத டிபிஏக்கள் மீது எங்களுக்கும் மனத்தாங்கல் உண்டு.

கேள்வி: போஸ்ட்கிரஸ் 14 டேட்டாபேஸில் வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறோம். ‘கோகிலா’ என்று தேடினால் சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை. ‘டேட்டாபேஸ் பிழை’ என்கிறார்கள் டெவலப்பர்கள். நான் டேட்டாபேஸ் பார்ப்பவன். பிழை யாருடையது?
– கல்முனை வாசகர்

பதில்: அந்தப் பெயரின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள், கண்ணால் அல்ல, குறிகளை எண்ணும் கேர் லெங்த் கட்டளையால். சிலருக்கு 6 வரும், சிலருக்கு 7. ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ககரமும் ஒற்றைக் குறியான ஓகாரக் குறியும். மற்றது, ககரம், முன்னால் வரும் இரட்டைக்கொம்பு, பின்னால் வரும் கால் என்று மூன்று துண்டு. திரையில் ஒன்றுபோலத் தெரியும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் என்பதால் ஒன்று 18 பைட், மற்றது 21. வழக்கமான கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) போஸ்ட்கிரஸுக்கு இவை இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

திருத்தத்துக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. பெயர் உள்ளே வரும் இடத்தில் டெவலப்பர் என்எஃப்சி வடிவத்துக்கு (துண்டுகளை ஒற்றைக் குறியாக இணைக்கும் வடிவம்) மாற்றவேண்டும். தேடும் சொல்லையும் அப்படியே மாற்றவேண்டும், இதைத்தான் மறப்பார்கள். நீங்கள் கொலத்தில் ‘என்எஃப்சி நோர்மலைஸ்ட்’ என்று செக் (உள்ளே வருவதைச் சோதிக்கும் விதி) போடலாம், பதிப்பு 13 முதல் இது உண்டு. பழைய வரிசைகள் தடுக்காதிருக்க ‘நொட் வலிட்’ என்று போடுவார்கள். அதில் ஒரு பொறி: செக் போட்ட பிறகு ஒரு பழைய வரிசையில் தொலைபேசி இலக்கத்தை மட்டும் மாற்றினாலும், பெயர் பழைய வடிவத்தில் கிடந்தால் அந்த அப்டேட் விழும். ஆகவே செக்கும் பழைய பெயர்களைத் திருத்தும் வேலையும் ஒரே இரவில் நடக்கட்டும்.

‘கௌரி’யை ‘கெளரி’ என்று ளகரம் போட்டு அடித்தவர்கள் இதற்குள் அடங்கமாட்டார்கள். அது வடிவ வேறுபாடல்ல, எழுத்துப்பிழை. நோர்மலைஸ் அதைத் தொடாது. கொம்பும் ளகரமும் சேர்ந்த எல்லாவற்றையும் ஒரே கட்டளையால் மாற்றலாம் என்று நினைக்கவேண்டாம். ‘வெளி’யும் ‘தெளிவு’ம் உடைந்துபோகும். பட்டியல் எடுத்து ஒரு மனிதர் பார்க்கட்டும்.

கேள்வி: தொலைபேசி இலக்கத்தை இன்டிஜராக (முழு எண்ணாக) வைத்தால் இடம் மிச்சம்தானே?
– மாணவி, ஒலுவில்

பதில்: 067 இல் தொடங்கும் கல்முனை இலக்கத்தின் முன் பூச்சியம் போய்விடும் பிள்ளை. கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்தாகவே வையுங்கள். அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான்: பழையது 9 இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும், புதியது 12 இலக்கம்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். லண்டன் கம்பனி ஒன்றின் டேட்டாபேஸை இங்கிருந்து பார்க்கிறோம். இரவு முறை யாருக்கு என்பதில் எப்போதும் மனக்கசப்பு. நோன்பு காலத்தில் ‘நீங்க சஹருக்கு எழும்புவீங்கதானே’ என்று எங்கள் இருவர் தலையில் கட்டுகிறார்கள்.
– காத்தான்குடி வாசகர்

பதில்: சஹருக்கு விழித்திருப்பது சாப்பிடவும் தொழவும். அதைக் கடமை நேரமாக எண்ணுவது நியாயமில்லை, இதை உங்கள் நண்பர்களுக்கு நேராகவே சொல்லுங்கள். நோன்பு மாதத்தில் அவர்கள் இருவரும் இரவை எடுக்கட்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீங்கள் எடுங்கள். வருடத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டினால் பிறகு வாய்ப்பேச்சு வராது.

ஒருவருக்கு ஏழு நாள், பின்னால் துணைக்கு ஒருவர். கைமாற்றுவது செவ்வாய் நண்பகலில் நடக்கட்டும். திங்கள் காலையில் வைத்தால் வார இறுதிச் சிக்கல் எல்லாம் புதியவர் தலையில் விழும். இரவு இரண்டு மணிக்கு எழும்பியவர் மறுநாள் பிந்தி வரலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஆள் மாறினால் தாளிலும் மாற்றுங்கள், ‘அவனுக்குச் சொன்னேனே’ என்பது செல்லாது.

போயா நாட்களின் பட்டியலை லண்டனுக்கு டிசம்பரிலேயே அனுப்பிவிடுங்கள். மாதாமாதம் முழுநிலவுக்கு விடுமுறை என்பது அங்கே யாருக்கும் தோன்றாது. அவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை. மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு அது மாறும். அவர்களின் நள்ளிரவு வேலை இங்கே காலை 5.30 இலிருந்து 4.30 க்குப் போகும். முறை எழுதும்போது இதையும் பாருங்கள்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் வேர் (எந்த வரிசை என்று சொல்லும் நிபந்தனை) போடாமல் டிலீட் அடித்துவிட்டான், கொமிட்டும் ஆகிவிட்டது. பொறுப்பாளர் குரூப்பில் எல்லாருக்கும் முன் ஏசினார். தரவை மீட்டோம், ஆனால் அவன் இப்போது எதையும் தொடப் பயப்படுகிறான்.
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: பயந்தவன் அடுத்த முறை சொல்லமாட்டான். மீட்பில் விலை மதிப்பானது முதல் பத்து நிமிடம். அப்போது தேவைப்படுவது ‘எத்தனை மணிக்கு அடித்தாய்’ என்ற கேள்விக்கு உண்மையான பதில். ஏச்சு விழும் இடத்தில் அந்தப் பதில் ஒரு மணித்தியாலம் பிந்தி வரும், அதற்குள் புதிய தரவு கலந்துவிடும்.

நேரத்தைக் குறி, அந்த டேபிளுக்கு எழுதுவதை நிறுத்து, பெக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி அழிந்த நொடிக்கு முன்வரை கொண்டுவா, வரிசைகளை மட்டும் திருப்பி எடு. ஓடுகிற சேர்வரின் மேலேயே பெக்கப்பைக் கொட்டினால் மிச்சமிருந்ததும் போய்விடும். மைஎஸ்கியூஎல்லில் பின்லொக் (மாற்றங்களின் பதிவேடு) ரோ வடிவத்தில், அதாவது வரிசை வரிசையாக, இருந்தால் அழிந்த வரிசைகள் அதிலேயே இருக்கும், 8.0 இல் வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும்.

2017 ஜனவரி 31 இரவு மென்பொருள் கோட் சேமிக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பெக்கப் கருவியோ 9.2 ஆக ஓடிக்கொண்டிருந்ததால் பெக்கப் எடுபடவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் கிடைக்கவில்லை. தற்செயலாகக் கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷொட், அதாவது அந்நேரத்துப் பிரதிதான் காப்பாற்றியது. அப்படியும் ஆறு மணித்தியாலத் தரவு போனது. அவர்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார்கள். அழித்தவரை அல்ல, நடைமுறையைத்தான் ஆராய்ந்தார்கள்.

உங்கள் இடத்திலும் கேட்கவேண்டியது, சேர்ந்த மாதமே அந்தத் தம்பிக்கு, உண்மையான தரவு ஓடும் புரொடக்‌ஷனில் டிலீட் உரிமை கொடுத்தது யார் என்பது. பார்க்க மட்டும் ஒரு கணக்கு, மாற்ற இன்னொரு கணக்கு என்று பிரியுங்கள். மைஎஸ்கியூஎல் கிளையன்டில் சேஃப் அப்டேட்ஸை எல்லாருக்கும் போடுங்கள், பொறுப்பாளருக்கும் சேர்த்து. சாவிக் கொலத்தின் மேல் வேரோ, லிமிட்டோ இல்லாத டிலீட்டை அது மறுத்துவிடும். அந்த விருப்பத்தேர்வுக்கு அதை எழுதியவர்களே வைத்த இன்னொரு பெயர் ‘ஐ ஆம் அ டம்மி’. நான் ஒரு மக்கு என்று அர்த்தம். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள், கொஞ்சம் சிரிக்கட்டும். அடுத்த பெக்கப் மீட்பு ஒத்திகையை அவன் கையாலேயே செய்யவிட்டு, நீங்கள் பக்கத்தில் இருங்கள்.